திருடன் பூட்டிவிட்டுப் போன சைக்கிள்

ஜூன் 5, புதன்

சைக்கிளைத் திருடிவிட்டார்கள். கட்டையில் போகிறவன், பட்டப்பகலில், தினசரி மார்க்கெட் வாசலில் வைத்து அடித்துக்கொண்டு போயிருக்கிறான்.

அவர் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. வாசலில் நின்றபடியே, "டெலிபோன், வண்டியத் தூக்கிட்டாங்க" என்றார். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவள். கல்யாணம் ஆன புதிதில் வைத்த பட்டப்பெயர் இன்னும் போகவில்லை. வடிவு என்று அவர் என்னைக் கூப்பிட்டால் சண்டை என்று அர்த்தம்.

மின்வாரியத்தில் வீடு வீடாக ரீடிங் எடுத்த காலம் முழுக்க அவரைச் சுமந்த வண்டி அது. கோவில்பட்டியில் அவருக்குக் கரண்ட் சார் என்றுதான் பேர். அந்தச் சைக்கிளைப் பார்த்ததும் வளர்த்த நாயைக் கட்டிப்போடுவார்கள், நாற்காலியை எடுத்துப் போடுவார்கள். அதைப் போய்த் திருட எவனுக்கு மனசு வந்ததோ.

பையைப் பிரித்தால் கத்தரிக்காய் இரண்டு பொட்டலம். நான் சொன்னது வெண்டைக்காய். வண்டி போன பதற்றத்தில் மனுஷருக்கு என்ன ஓடும்? எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்துவிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

ஸ்டேஷனுக்குப் போனோம். மேஜையில் இருந்த பெண் போலீஸ் சின்னப் பெண். "திருடு போச்சா, இல்ல எங்கயும் வச்சிட்டு மறந்துட்டாகளா?" என்று கேட்டது. எனக்கு வந்ததே கோபம். "ஊரிலே உள்ள அத்தனை வீட்டு மீட்டரும் மனப்பாடமா வச்சிருந்த மனுஷன். அவரைப் பார்த்தா மறக்கிற ஆளாத் தெரியுதா?" என்றேன். அவர் சுவரில் இருந்த மீட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து, "சார் பேரு என்னம்மா?" என்றது. நான் அவரைப் பார்த்தேன். அவர் வாயே திறக்கவில்லை. பேனாவை வாங்கி நானே எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு.

சிரித்தால் சிரிக்கட்டும். அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. சங்கரன்கோவில் போகிற வழியில் முருகன் இருக்கிற ஒரு மலை வருமே, அந்த ஊர்ச் சாமி பெயர்தான் இவருக்கும். எக்ஸ்சேஞ்சில் அந்த ஊருக்கு டிரங்க் கால் வந்தால் நான் "மலை, மலை" என்றுதான் லைன் கேட்பேன். கூட வேலை பார்த்தவளுகள் எல்லாம் வேண்டுமென்றே என் போர்டுக்கு அந்தக் காலைத் தள்ளிவிடுவாளுகள். பஸ்ஸிலும் மலைக்கு ஒரு டிக்கெட்தான். இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இவருடைய அக்கா ஒருத்திதான். அந்த மதினியும் போய்ச் சேர்ந்தாகிவிட்டது.

ஜூன் 8, சனி

வண்டி கிடைத்துவிட்டது!

சைக்கிள் கடை செய்யது பாய் உருட்டிக்கொண்டு வந்தார். மார்க்கெட்டின் பின்வாசலில், வெற்றிலைக் கடை ஓரமாக நின்றிருக்கிறது. ஸ்டாண்டு போட்டு, பூட்டும் போட்டு. பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தே உருட்டி வந்திருக்கிறார். சாவி எங்கே என்று பார்த்தால் இவருடைய சட்டைப் பையில்.

"வெத்தலக்கடக்காரம்மா, சார்தான் நிப்பாட்டிட்டு முன்வாசல் வழியாப் போனாகன்னு சொல்லுது" என்றார் பாய், என் முகத்தைப் பார்க்காமல்.

"அந்தம்மாவுக்குக் கண்ணு மங்கிப் போச்சு. எடுத்தவன் பயந்துபோய் வச்சிட்டுப் போயிருப்பான்" என்றேன்.

"பூட்டியாக்கா?"

"ஆமா, பூட்டித்தான். ஒழுங்கான திருடனா இருப்பான்."

பாய் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

ஜூன் 9, ஞாயிறு

இனிமேல் இந்த வீட்டில் சைக்கிள் திருடு போகாது. பாயை வரவழைத்துப் பாடம் கேட்டேன். சீட்டுக்குக் கீழே இருக்கிற வளையப் பூட்டு மட்டும் போதாதாம், வண்டியை அப்படியே தூக்கி ஆட்டோவில் போட்டுவிடுவார்களாம். சங்கிலிப் பூட்டு வேண்டும். சங்கிலியைப் பின்சக்கரத்துக்குள்ளும் பிரேமுக்குள்ளும் விட்டு, அசையாத ஒரு கம்பத்தோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். சக்கரத்தை மட்டும் பூட்டினால் சக்கரம்தான் மிஞ்சும். சங்கிலி தரையில் தொங்கக் கூடாது, தரையில் வைத்து ஒரே அடியில் உடைத்துவிடுவார்கள். எப்போதும் ஒரே இடத்தில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் நிறுத்த வேண்டும்.

ஒரே இடத்தில் என்பதைப் பாய் இரண்டு தடவை சொன்னார்.

ஜூன் 14, வெள்ளி

நம்பர் பூட்டு வாங்கியாயிற்று. சாவியே வேண்டாம், நாலு நம்பரைத் திருப்பினால் போதும். என்ன நம்பர் வைக்கலாம் என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. 0417.

417 அந்தக் காலத்து மின்வாரிய ஆபீஸ் போன் நம்பர். அங்கிருந்து தினம் ஒரு கால் என் போர்டுக்கு வரும். இவர்தான். ஏதாவது ஒரு நம்பர் கேட்பார். அப்படி ஒரு நம்பரே ஊரில் இருக்காது. "அந்த நம்பர் இல்லை சார்" என்பேன். "அப்படியா, நாளைக்குக் கேட்டுப் பாக்கேன்" என்பார். ஒரு வருஷம் இப்படியே ஓடிற்று. கடைசியில் மதினிதான் பெண் கேட்டு வந்தார்.

பூட்டில் நாலு சக்கரம் இருந்ததால் முன்னால் ஒரு சைபர் போட்டோம். "செத்தாலும் மறக்காது, டெலிபோன்" என்றார்.

ஜூன் 27, வியாழன்

புதுப் பூட்டு ரிப்பேர். நூலகத்து வாசலில் திறக்க வரவில்லை என்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்துவிட்டார். நான் கூடப் போய்த் திருப்பினேன். திறந்துவிட்டது. துருப் பிடித்திருக்கும். தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறேன்.

ஜூலை 1, திங்கள்

பின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் 0417 என்று எழுதினேன். பிரஷ் பிடிக்க வராமல் ஏழு மட்டும் கொஞ்சம் கோணிவிட்டது.

பாய் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "என்னக்கா இது, திருடனுக்கு வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட்ட மாதிரி இருக்கு. பூட்டோட நம்பர வண்டியிலயே எழுதுனா பூட்டு எதுக்கு?"

"எல்லாம் காரணமாத்தான்" என்றேன்.

கோமதி போன் பண்ணினாள். என் மகள், திருப்பூரில் இருக்கிறாள். அப்பாவிடம் பேசினாளாம், அப்பா அவளுடைய குழந்தைகளைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். சத்தமாகத் தறி ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு பேசினால் யாருக்குக் காது கேட்கும் என்று சொன்னேன். "அம்மா, நான் பேசுறது அப்பாக்கு நல்லாக் கேட்டுச்சு" என்றாள்.

ஜூலை 19, வெள்ளி

அவியல், ரசம். தெருவில் தண்ணீர் வந்தது, எல்லாக் குடத்தையும் நிரப்பிவிட்டேன்.

மத்தியானம் புதுத்தெருவில் ஒரு வீட்டுக்குள் இவர் நேராகப் போய்விட்டார். மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று நம்பரைப் படித்து, உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருக்கிறார். அந்த வீட்டு மருமகள் பயந்து கத்தியிருக்கிறாள். நல்லவேளை, மாமியார்க்காரி வந்து, "அடியே, இது கரண்ட் சாரு" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். எத்தனை வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா? ரிட்டயர் ஆன வாத்தியார்கள் பேரப்பிள்ளைகளுக்கு மார்க்குப் போடுவதில்லையா?

சோப்புப் போட்டு உள்ளங்கையைக் கழுவிவிட்டேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். "ஆபீஸ்ல கேப்பாங்க" என்றார்.

ஆகஸ்ட் 3, சனி

பதினெட்டாம் பெருக்கு. சித்ரான்னம் செய்தேன்.

போர்டு எழுதுகிற பையனைக் கூப்பிட்டுச் செயின் கார்டில் மஞ்சள் பெயிண்டால் பெயரும் என் போன் நம்பரும் எழுதச் சொன்னேன். "கரண்ட் சார்னு போட்டாப் போதுமேம்மா, ஊருக்கே தெரியுமே" என்றான். முழுப்பெயரும் வேண்டும் என்றேன். பெயர் தெரியாதவன் கையில் வண்டி சிக்கினால்? மறுபடியும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். நன்றாக எழுதியிருக்கிறான். தூரத்திலிருந்தே படிக்கலாம்.

சாயங்காலம் கோமதியிடம் பெருமையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அம்மா, அந்த நம்பர் சைக்கிளுக்கா, அப்பாவுக்கா?" என்று கேட்டாள்.

கட் பண்ணிவிட்டேன். எத்தனையோ பேர் லைனைக் கட் பண்ணிய கை இது.

ஆகஸ்ட் 21, புதன்

ஒரு லாரி டிரைவர் போன் பண்ணினார். "அம்மா, இங்க ஒரு பெரியவர் நாலுவழிச் சாலையில எதிர்ப் பக்கமா வந்துகிட்டு இருக்காரு. எல்லா வண்டியும் ஆரன் அடிக்குது, காதுலயே வாங்க மாட்டேங்காரு. சைக்கிள்ல இந்த நம்பர் போட்டிருக்கு." கயத்தாறு பக்கம்.

அந்த மகராசன் சைக்கிளையும் அவரையும் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினான். அவர் ஆட்டோவின் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. "எங்கங்க போனீங்க?" என்றேன். "ரீடிங் பாக்கி இருக்கு" என்றார்.

மஞ்சள் வைத்துக் கட்டினேன். வேறு எதுவும் எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

கோமதி வந்து திருநெல்வேலிக்கு டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, கடிகாரம் ஒன்று வரையுங்கள் என்றார். இவர் நல்ல உருண்டையாக வட்டம் போட்டார். நான் கோமதியைப் பார்த்துச் சிரித்தேன், பார்த்தாயா என்று. பிறகு அதைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்தார், மேலே இரண்டு ஒயர் இழுத்தார், நடுவில் சின்னச் சின்னக் கட்டம் போட்டு அதில் எழுதினார்: 0417.

"இது என்ன நம்பர் சார்?" என்று டாக்டர் கேட்டார்.

"போன மாச ரீடிங்" என்றார்.

வருகிற வழியில் கோமதி சொன்னாள். "சைக்கிள எடுத்து ஒளிச்சு வச்சிரும்மா. இன்னொரு தடவ லாரிக்காரன் நிப்பாட்ட மாட்டான்." அதை எடுத்துவிட்டால் உன் அப்பாவிடம் மிச்சம் என்னடி இருக்கிறது என்று கேட்க வாய்வரை வந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மின்கம்பங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

செப்டம்பர் 2, திங்கள்

இன்று சைக்கிள் திருடு போயிற்று.

செப்டம்பர் 3, செவ்வாய்

எடுத்தது நான்தான். நேற்று அவர் குளிக்கப் போன நேரத்தில் நம்பரைத் திருப்பிப் பூட்டைத் திறந்து, பாய் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். வழியில் இரண்டு பேர், "கரண்ட் சார் வண்டிதான? சாருக்கு உடம்புக்கு ஆகலையா?" என்று கேட்டார்கள். வண்டியை இன்னும் வேகமாக உருட்டினேன். பாய் வண்டியைக் கடையின் உள்ளே கொண்டுபோய்ச் சாக்குப் போட்டு மூடினார்.

அவர் குளித்துவிட்டு வந்து, ஜன்னல் கம்பியில் வெறும் சங்கிலி தொங்குவதைப் பார்த்தார். "வண்டி எங்க டெலிபோன்?"

"திருடிட்டாங்க" என்றேன்.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன். என்னைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து வந்து, "போனாப் போவுது, சைக்கிள்தான. இதுக்குப் போயி அழுவாங்களா?" என்று என் தலையைத் தடவினார்.

செப்டம்பர் 12, வியாழன்

தினமும் காலையில் அவருக்குச் சைக்கிள் புதிதாகத் திருடு போகிறது. காப்பி குடித்து முடித்ததும் வாசலுக்குப் போவார், சங்கிலியைப் பார்ப்பார். "வண்டி எங்க?" நானும் தினமும் அதையே சொல்கிறேன். தினமும் அந்த முகம் அதேபோல விழுகிறது. நேற்றைய வருத்தம் கொஞ்சமாவது கை கொடுக்க வேண்டாமா? அவருக்கு நேற்று என்று ஒன்று இருந்தால்தானே.

நம்பர் பூட்டையும் சங்கிலியையும் இப்போது கேட்டில் மாட்டியிருக்கிறேன். திருட்டு பயம் அதிகமாகிவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

சைக்கிளைக் கேட்பதை நிறுத்திவிட்டார். எனக்கு நிம்மதிதான்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், பீரோ சந்தில் எதையோ குனிந்து குனிந்து பார்க்கிறார். நான் வந்தால் நிமிர்ந்து சும்மா நிற்கிறார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டால், "ஒண்ணுமில்லையே" என்று சிரிக்கிறார். திருடி மாட்டிக்கொண்டவன் சிரிக்கிற சிரிப்பு.

"என்னங்க" என்று கூப்பிட்டால் இப்போதெல்லாம் இரண்டு மூன்று தரம் கூப்பிட வேண்டியிருக்கிறது. டெலிபோன் என்று கூப்பிட்டும் பல நாள் ஆயிற்று. "இங்கே" என்கிறார், "ஏம்மா" என்கிறார். தண்ணீர் கொடுத்தால் "சந்தோசம்மா" என்கிறார், ரீடிங் எடுக்கப் போன வீட்டில் சொல்வதுபோல.

அக்டோபர் 9, புதன்

கேஸ் சிலிண்டர்க்காரனுக்காகக் கேட்டைத் திறந்தவள் பூட்ட மறந்துவிட்டேன். நான்தான் மறந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அவரைக் காணோம்.

எங்கே போயிருப்பார் என்று யோசிக்கவில்லை, கால் தானாக மார்க்கெட்டுக்குப் போயிற்று. முன்வாசலில் கூட்டம். "வயசான ஆளப் பாரு, சைக்கிள் பூட்ட நோண்டிக்கிட்டு இருக்கான்" என்று ஒருத்தன் சொல்வது கேட்டது. கூட்டத்தை விலக்கிப் போனேன். வரிசையாக நிற்கிற சைக்கிள்களுக்கு நடுவில் அவர் நிற்கிறார். ஒரு இளவட்டப் பையன் அவர் சட்டைக் காலரைப் பிடித்திருக்கிறான். ஒவ்வொரு வண்டியின் பூட்டையும் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தவர், இவனுடைய வண்டியில் நம்பர் பூட்டு இருந்ததைக் கண்டு திருப்ப ஆரம்பித்திருக்கிறார்.

"சைக்கிள் திருடன்" என்றான் அந்தப் பையன். என் புருஷனைப் பார்த்து.

"என்னங்க!" என்று கூப்பிட்டேன். கூட்டத்தில் நாலைந்து ஆம்பளைகள் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. "இங்க பாருங்க! கோமதி அப்பா!" யாரோ எவரையோ கூப்பிடுவதுபோல நின்றார். பையன் காலரை முறுக்கினான். அவர் கையை எடுத்துக் கும்பிடப் போனார்.

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஏ கழுகாசலம்!"

சட்டென்று திரும்பினார். எத்தனையோ மாதமாக நான் பார்க்காத வெளிச்சம் அந்த முகத்தில்.

"இந்தா வாரேங்க்கா" என்றார்.

பையன் கையை எடுத்துவிட்டான். வெற்றிலைக் கடை அம்மாளும் வந்து, "விடுங்கல, கரண்ட் சாரு" என்றாள். அவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரம் வந்ததும் அவர் நின்றார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு என் காதுப் பக்கம் குனிந்தார்.

"அக்கா, வண்டியத் தொலச்சிட்டேன்."

கசங்கியிருந்த காலரை நீவிவிட்டேன்.

"வடிவுகிட்ட மட்டும் சொல்லிராத. எங்க வச்சேன்னே தெரியலக்கா. அன்னைக்கும் அப்படித்தான். திருடிட்டாங்கன்னு அவகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். மறந்து தொலச்சேன்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவா."

அப்படியானால் முதல் நாளிலிருந்தே இவருக்குத் தெரியும். எனக்காகத்தான் அந்தத் திருடன். நானும் அந்தத் திருடனை இவருக்காக இத்தனை மாதம் கட்டிக் காத்திருக்கிறேன். கடைசியில் நானே திருடினேன், தொலைத்தது தான் என்று இவர் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீ தொலைக்கலய்யா" என்றேன். நீ என்று சொல்ல நாக்கு முதலில் வரவில்லை, பிறகு வந்தது. "நெசமாவே திருட்டுதான் போச்சு. எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும். குடுத்துருவா."

"பொம்பளயா?"

"ஆமா."

யோசித்துக்கொண்டே நடந்தார். "அவளுக்கு என்ன கஷ்டமோ. போலீசு கீலீசுன்னு போயிராதக்கா" என்றார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பாய் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொண்டுவந்து விட்டுப் போனார். மட்கார்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஹேண்டில்பாரில் பூச் சுற்றினேன். பொரிகடலை, சுண்டல், ஒரு வாழைப்பழம்.

கேட்டுக்கு வேறு பூட்டுப் போட்டுவிட்டுச் சங்கிலியைக் கழற்றி வந்தேன். கம்பத்தோடு பூட்டும்போது சங்கிலி பின்சக்கரத்துக்குள்ளும் போக வேண்டும் என்பது பாய் சொல்லிக் கொடுத்த முறை. நான் சக்கரத்தை விட்டுவிட்டு, பிரேமை மட்டும் ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டினேன். மட்கார்டில் இருந்த நம்பரை அழித்துவிட்டு, பூட்டுக்கும் வேறு நம்பர் மாற்றினேன். 0417 இனிமேல் எதையும் திறக்காது.

அவர் பார்த்ததும் ஓடி வந்தார். "குடுத்துட்டாளா?" என்றார். ஏறி உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார். ஸ்டாண்டு போட்ட வண்டியில் பின்சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. செயின் கார்டில் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். யாருடைய பெயர் என்று கேட்கவில்லை.

சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, பழக்க தோஷத்தில் "என்னங்க" என்றேன். மிதித்துக்கொண்டே இருந்தார். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். உடனே காலை ஊன்றி இறங்கி, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இலையில் கை வைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

"வடிவு எங்கக்கா? ரொம்ப நேரமாக் காணோமே."

"வந்துருவா, நீ சாப்பிடு" என்றேன்.